பத்மினியா, கான்டெஸாவா, எஸ்டீமா: பிரித்துக் கட்டும் முன் ஒரு கணக்கு

என் அக்கா மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறான். மூன்று வருடமாகச் சேர்த்த ஐந்து லட்சம் கையில் இருக்கிறது. போன மாதம் கோபியில் ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு கேட்டான்: "மாமா, பழைய வண்டி ஒண்ணை முழுசாப் பிரிச்சுக் கட்டி, நல்லா இழுக்குற மாதிரி பண்ணோணுமுங்க. எந்த வண்டி எடுக்கறதுன்னுதான் புடிபடலைங்க."

அவன் மனதில் மூன்று வண்டிகள் இருந்தன. ஒன்று, கோபி பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் பதினோரு வருடமாக அசையாமல் நிற்கும் 1983 மாடல் பிரீமியர் பத்மினி. எனக்கு அப்பா வண்டி, அவனுக்கு அப்புச்சி வண்டி. இரண்டாவது, ஈரோட்டில் ஒருவர் விற்கப்போவதாகச் சொன்ன கான்டெஸா, 1994, இசுசு 1.8 பெட்ரோல் இஞ்சின். மூன்றாவது, பொள்ளாச்சியில் ஒரு தேங்காய் வியாபாரி வீட்டில் நிற்கும் 2003 மாருதி எஸ்டீம். மூன்றையும் பற்றி அவனிடம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே குழப்பத்தில் நம்ம பக்கம் நிறையப் பசங்க இருக்கிறார்கள், வாரத்துக்கு ஒருத்தராவது கேட்கிறார்கள்.

முதலில் ஒரு விஷயம். எந்த வண்டி என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, எங்கே ஓட்டப் போகிறாய் என்றுதான். இவன் சொன்ன பதில் தெளிவாக இருந்தது: சனி ஞாயிறில் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறுவது, பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறுவது, எப்போதாவது கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்து ரேஸ் டிராக்கில் ஒரு நாள். அதாவது நாற்பது கொண்டை ஊசி வளைவு, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு, அப்புறம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளமுள்ள ஒரு சின்ன டிராக். இந்த மூன்று இடத்திலும் 150-ல் போகிற வண்டிக்கு வேலையே இல்லை. சட்டென்று நிற்க வேண்டும், வளைவில் சாயாமல் திரும்ப வேண்டும், இரண்டாவது கியரில் இழுக்க வேண்டும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு பேசுகிறேன்.

எடையிலிருந்து ஆரம்பிக்கலாம். பத்மினியில் 1089 சிசி இஞ்சின், 40 எச்பி, வண்டி சுமார் 900 கிலோ. டன்னுக்கு 44 எச்பி. கான்டெஸா 1.8-ல் 1817 சிசி, 88 எச்பி, ஆனால் வண்டி 1,200 கிலோவை ஒட்டி வரும். டன்னுக்கு 73. எஸ்டீமின் பிற்கால எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகப் பெட்ரோல் தெளிக்கும்) மாடல் 1298 சிசி, 85 எச்பி, எடை 900 கிலோவுக்கும் கீழே. டன்னுக்கு 95-க்கு மேல். எதையும் தொடாமல், ஷோரூமிலிருந்து வந்த நிலையிலேயே எஸ்டீம் இங்கே நிற்கிறது. கான்டெஸாவை இந்த இடத்துக்குக் கொண்டுவர 115 எச்பி வேண்டும். பத்மினிக்கு அதன் இஞ்சினை இரண்டு மடங்குக்கும் மேல் பெருக்க வேண்டும்.

பத்மினியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் அவன் மனசு கேட்கிறது. எனக்கும் அது வெறும் வண்டி இல்லை. ஸ்டியரிங் தண்டிலேயே கியர், முன்னால் ஒரே நீள சீட், அதில் மூன்று பேர் உட்கார்ந்து பழனிக்குப் போய் வந்திருக்கிறோம். அந்தச் சாளையில் போய் டார்பாயை விலக்கிப் பார்த்தேன். நம்ம ஊர் மழை மறைவுப் பகுதி என்பது பழைய இரும்புக்கு எவ்வளவு பெரிய வரம் என்று அன்றைக்குத் தெரிந்தது. கடற்கரை ஊரில் பதினோரு வருடம் நின்றிருந்தால் ஃப்ளோர் முழுதும் தூளாகியிருக்கும். இங்கே ஓட்டுநர் காலடியில் மட்டும் ஒரு உள்ளங்கை அளவுக்கு ஓட்டை, பின் சக்கரத்துக்கு மேலே கொஞ்சம் அரிப்பு. ஆனால் எலி வயரிங்கை மொத்தமாகத் தின்றுவிட்டது. டேங்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் செம்மண் மாதிரி துரு படிந்து கிடக்கிறது.

இந்த வண்டியைப் பிரித்துக் கட்டலாம், தாராளமாகக் கட்டலாம். வேகமான வண்டியாகக் கட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. அந்த இஞ்சினின் க்ராங்க், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக்கும் தண்டு, மூன்று மெயின் பேரிங்கில்தான் நிற்கிறது. ஹெட்டைச் சீவி, போர்ட்டைத் தேய்த்து, இரட்டை கார்புரேட்டர் போட்டு ஐம்பது, ஐம்பத்தைந்து எச்பி வரை கொண்டுபோகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த எச்பி மேல் ஆர்பிஎம்மில்தான் வரும், அங்கேதான் இந்த க்ராங்க் வளைந்து கொடுக்க ஆரம்பிக்கும், பேரிங் தட்ட ஆரம்பிக்கும். நான்கு சக்கரத்திலும் ட்ரம் பிரேக், பின்னால் பட்டை ஸ்பிரிங். இஞ்சினை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மாற்ற ஆரம்பித்தால், ஒரு கட்டத்தில் மிச்சம் இருப்பது பாடியும் நம்பர் பிளேட்டும்தான்.

"அப்ப வேற இஞ்சின் எறக்கீறலாமுங்களா?" என்றான். இறக்கலாம். பிரீமியர் 118 என்இ-யில் வந்த 1171 சிசி நிசான் இஞ்சினை பத்மினியில் போட்டவர்கள் உண்டு, இசுசு 1.8 போட்டவர்களும் உண்டு. பின்சக்கர ஓட்டம் என்பதால் நீளவாக்கில் உட்காரும் எந்தச் சின்ன இஞ்சினையும் பிராக்கெட் அடித்து உட்கார வைத்துவிடலாம். கோவையில் ஆவாரம்பாளையம், கணபதி பக்கம் பம்பு செட்டுக்கும் டெக்ஸ்டைல் மெஷினுக்கும் பார்ட்ஸ் போடுகிற லேத் பட்டறைகளில் அடாப்டர் பிளேட் கடைந்து வாங்குவது பெரிய காரியமே இல்லை. காரியம் இருப்பது ஆர்.டி.ஓ. ஆபீசில்.

இதை எல்லோரும் கடைசியில் யோசிக்கிறார்கள், அதனால் நான் நடுவிலேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ளவை மாறுபடும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று உரிமையாளர் தலையிலேயே வைத்துவிட்டார்கள். சோதனைச் சாவடியில் பேசிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். விபத்து ஒன்று நடந்து, இன்சூரன்ஸ் சர்வேயர் பானெட்டைத் திறந்து ஆர்.சி.யில் இருக்கும் இஞ்சின் நம்பரையும் முன்னால் இருக்கும் இஞ்சின் நம்பரையும் ஒத்துப் பார்க்கும் நாளில்தான் அது தெரியும். எதிரில் வந்தவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்தக் கடன் தோட்டத்தை விற்றாலும் தீராது.

பழைய வண்டிக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. 2021-ல் வந்த விண்டேஜ் விதிகளின்படி ஐம்பது வருடம் தாண்டிய கார், பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாமல் இருந்தால், 'விஏ' எழுத்தோடு தனிப் பதிவு வாங்கலாம். எங்கள் பத்மினிக்கு அது 2033-ல் வரும். இப்போது அறுத்துத் தள்ளினால் அந்த வாசல் மூடிவிடும். விண்டேஜ் பதிவில் அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் அதுபோன்ற ஓட்டத்துக்கும்தான். ஆனாலும் அப்புச்சி வண்டிக்கு அது பொருத்தமான மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது.

கான்டெஸாவுக்கு வருவோம். இதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், காரணம் கடைசியில் தெரியும். அழகு என்றால் அதுதான் அழகு. நீண்ட பானெட், அகலமான முகம், உட்கார்ந்தால் கல்யாண வீட்டுத் திண்ணை மாதிரி இடம். இங்கிலாந்து வாக்ஸ்ஹால் விக்டரின் உடம்பை வாங்கி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் இறக்கியது. முதலில் அம்பாசடரின் 1.5 இஞ்சினே, அது பாவம் ஐம்பது எச்பியில் முக்கிக்கொண்டு போகும். அப்புறம் இசுசு இஞ்சினும் ஐந்து கியரும் வந்த பிறகுதான் வண்டிக்கு உயிர் வந்தது. பின்சக்கர ஓட்டம், முன்னால் டிஸ்க் பிரேக், பானெட்டுக்குள் ஆறு சிலிண்டர் ஜப்பான் இஞ்சின்கூட உட்காரும் அளவுக்கு இடம். நாடு முழுக்கப் பெரிய பெரிய இஞ்சின் போட்ட கான்டெஸாக்கள் இருப்பதற்கு அந்த இடம்தான் காரணம்.

ஆனால் 2002-லேயே தயாரிப்பு நின்றுவிட்டது, விற்றதும் கம்மி. முன் கண்ணாடி உடைந்தால், கதவு ரப்பர் கிழிந்தால், டெயில் லேம்ப் போனால், உக்கடம் பழைய சாமான் கடைகளில் ஒரு வாரம் அலைந்தாலும் கிடைக்காது. ஈரோட்டு வண்டியில் ஸ்டியரிங் பாக்ஸ் ஆடுகிறது, ரேடியேட்டர் அடைப்பு, பின் ஆக்சில் ஊளையிடுகிறது. அந்த ஊளை கியர் பல் தேய்ந்ததன் சத்தம். மலையில் 1,200 கிலோவை நிறுத்துவது 900 கிலோவை நிறுத்துவதை விட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேலை, அந்தக் கூடுதல் எல்லாம் பிரேக்கில் சூடாகத்தான் வெளியே போகும். ஐந்து லட்சத்தில் இந்த வண்டியைச் சரி செய்யலாம், வேகமாக்க மிச்சம் இருக்காது. பத்து லட்சமும் மூன்று வருடப் பொறுமையும் இருக்கிறவர்களுக்கு நான் கான்டெஸாவையே சொல்வேன், மனசார.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பதினைந்து வருடத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு மாருதி ஜென் இருந்தது. கையில் இருந்த காசை எல்லாம் இஞ்சினில் கொட்டினேன். ஹெட் வேலை, புது கேம் (வால்வைத் திறக்கும் தண்டு), ஹெடர் (இஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்), பின்னால் பெரிய சைலன்சர். வேலை செய்து கொடுத்த பட்டறையில், பிரேக் ஆயில் மாற்றியாச்சு என்று பில்லிலும் எழுதிக் கொடுத்தார்கள். திம்பம் ஏறும்போது வண்டி அப்படி இழுத்தது. ஆசனூர் வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். இறக்கத்தில் பத்து வளைவு தாண்டியதும் ஒரு வாடை வந்தது, கருகிய பேட் வாடை. அடுத்த வளைவுக்கு முன்னால் பெடலை மிதித்தால் பஞ்சை மிதித்த மாதிரி கால் தரைவரை போனது. முன்னால் கரும்பு லாரி. கியரை இரண்டுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்க மண்மேட்டில் உரசித்தான் நின்றேன். இறங்கிப் பார்த்தால் முன் டிஸ்க் நீலம் பாரித்திருந்தது. மறுநாள் கோபியில் ஒரு மெக்கானிக் அண்ணன் ஆயில் டப்பாவைத் திறந்து காட்டினார், காபி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். வருடக் கணக்கில் மாற்றாமல் விட்டால் அதன் கொதிநிலை இறங்கிவிடும், சூட்டில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகும். குமிழ் அமுங்கும், பிரேக் பிடிக்காது. நானூறு ரூபாய் சமாச்சாரம்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நான் சொல்லும் வரிசை ஒன்றுதான்: முதலில் தகரம், அப்புறம் பிரேக், அப்புறம் சஸ்பென்ஷனும் டயரும், அப்புறம் கூலிங், கடைசியில் இஞ்சின். இதே வரிசையை வைத்துத்தான் எஸ்டீமையும் பார்த்தேன்.

எஸ்டீமைப் பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வாடகைக்கு ஓடிய வண்டி, வாத்தியார் வண்டி என்று நம்ம கண்ணுக்குப் பழகிப்போன உருவம். ஆனால் இந்த நாட்டு ராலிகளில் பல வருடம் ஓடி ஜெயித்த வண்டி அது. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), முன்னால் டிஸ்க், முழு அலுமினிய இஞ்சின், ஐந்து மெயின் பேரிங், 16 வால்வு. 6,000 ஆர்பிஎம்மில் அலட்டிக்கொள்ளாமல் சுற்றும். சின்ன மாருதி இஞ்சினும் குறைந்த எடையும் என்ன செய்யும் என்பதற்கு நம்ம ஊரிலேயே சாட்சி இருக்கிறது. கோவைக்காரர் கரிவர்தன் 1980-களின் கடைசியில் மாருதி 800 இஞ்சினை வைத்து ஒற்றை சீட் பந்தய வண்டி கட்டினார், அதுதான் ஃபார்முலா மாருதி. 2005-ல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் பந்தயத்தைத் தொடங்கியதே அந்த வண்டியில்தான். 1995-ல் இறந்துபோன கரிவர்தன் பெயரில்தான் செட்டிபாளையத்து டிராக் இருக்கிறது. அவர் வெளிநாட்டு இஞ்சினுக்குக் காத்திருக்கவில்லை, கையில் கிடைத்ததை எடை குறைத்து ஓட்டினார்.

பொள்ளாச்சி வண்டியை ஒரு தடவை மேலோட்டமாகப் பார்த்திருக்கிறோம். கிலோமீட்டர் போர்டில் ஒரு லட்சத்துச் சொச்சம், அதை நான் கணக்கில் எடுப்பதில்லை. இந்த வண்டியில் துரு பிடிக்கும் இடங்கள்: முன் ஸ்ட்ரட் ஏறி உட்காரும் மேடை, கதவுக்குக் கீழே ஓடும் தகரப் பட்டை, பின் சக்கர வளைவின் உள்பக்கம், ஸ்டெப்னி குழி. கையில் ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போக வேண்டும். தகரம் இருந்தால் ஒட்டும், பட்டி (பள்ளத்தை மூடும் பசை) போட்டு மெத்தியிருந்தால் வழுக்கிக்கொண்டு கீழே வரும். கரூரில் பஸ் பாடி கட்டுகிறவர்களின் வெல்டிங்கைப் பார்த்து நான் வியக்காத நாள் இல்லை. ஆனால் பஸ்ஸுக்கு சேஸிஸ் தனி, அதன் மேல் பாடி உட்காருகிறது. எஸ்டீமுக்குப் பாடியேதான் சேஸிஸ். ஸ்ட்ரட் மேடையில் அரித்த தகரத்தின் மேல் இன்னொரு தகரத்தை ஒட்டிவிட்டால் பார்க்க நன்றாக இருக்கும், முதல் குழியில் கிழியும். அரித்ததை வெட்டி எடுத்து, நல்ல தகரம் வரை போய், அங்கே புதுசு வைத்துப் பற்ற வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த ஆளை இஞ்சின் மெக்கானிக்குக்கு முன்னால் தேடுங்கள்.

டயரில் பேராசை வேண்டாம். 13 இன்ச் 175/70 இருக்கும் இடத்தில் 14 இன்ச் 185/60 போட்டால் மொத்த விட்டத்தில் 3 மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வராது. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, ஃபெண்டரில் உரசாது, பெரிய டிஸ்க் போடவும் சக்கரத்துக்குள் இடம் கிடைக்கும். 16 இன்ச் போட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் வண்டிகளைப் பார்த்தால் எனக்கு அந்த வீல் பேரிங்கை நினைத்து வருத்தமாக இருக்கும்.

இஞ்சினுக்கு வருவோம், ஏனென்றால் இவன் கண் முழுக்க அங்கேதான். இஞ்சினைத் திறந்தால் முதல் வேலை அளப்பது. கணபதியில் ஒரு பெரியவர் பட்டறையில் நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். பிளாக்கைத் துடைத்து மேசையில் வைத்தார். கட்டை விரல் நகத்தை சிலிண்டருக்குள் விட்டு மேலிருந்து கீழே இழுத்தார், மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகம் ஒரு படியில் தட்டியது. "பாத்தீங்களா தம்பி, மேல் ரிங் வந்து திரும்புற எடம் இது. எண்ணெய் கம்மி, சூடு சாஸ்தி, தேய்மானம் பூரா இங்கதானுங்க." அப்புறம் டயல் கேஜை விட்டு மேலே, நடுவில், கீழே, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசையில் அளந்து சாக்பீஸால் பிளாக்கிலேயே எழுதினார். ஒரே உயரத்தில் இரண்டு திசைக்கும் அளவு வேறு வந்தால் சிலிண்டர் ஓவலாகிவிட்டது. ரிங் மட்டும் மாற்றினால் போதுமா, போர் அடிக்க (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) வேண்டுமா என்பது அந்தச் சாக்பீஸ் எண்ணில் இருக்கிறது. அளக்காமலே "போர் பண்ணிரலாம்" என்று சொல்கிற இடத்தில் இஞ்சினைக் கொடுக்காதீர்கள்.

நம்ம பக்கத்துக்கு இருக்கும் பெரிய பலம் இதுதான். மோட்டார், பம்பு, டெக்ஸ்டைல் மெஷின் என்று மைக்ரானில் வேலை செய்து பழகிய கைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. க்ராங்க் பேலன்ஸ், கனெக்டிங் ராடு எடை சமன் செய்தல், வால்வு சீட் கட்டிங், ஹெட் ஃபேஸிங் இவற்றை நல்ல இடத்தில் செய்து, 4-2-1 ஹெடர் போட்டு, மிதமான கேம் வைத்து, ஈசியூவை (இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரை) முறையாக ட்யூன் பண்ணினால் இந்த இஞ்சின் நூறு எச்பியை ஒட்டி நிற்கும். அதற்கு மேல் போக ஆசைப்பட்டு ஹெட்டை அதிகம் சீவாதீர்கள். கம்ப்ரஷன் ஏறினால் சாதாரண பெட்ரோலில் தட்ட ஆரம்பிக்கும், அப்புறம் ஆயுள் முழுக்க விலை கூடிய பெட்ரோல்தான். அலுமினிய ஹெட் சூட்டில் வளையும். சித்திரை வெயிலில் கரூர் ரோட்டில் டிராஃபிக்கில் நிற்கும்போது இந்த இஞ்சினைக் காப்பாற்றுவது புது ரேடியேட்டரும், நல்ல தெர்மோஸ்டாட்டும், வேலை செய்கிற ஃபேன் ஸ்விட்சும்தான்.

பழைய பெலினோ செடானின் 1.6 இஞ்சினை எஸ்டீமில் போடலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரே குடும்பம், போர் (சிலிண்டர் விட்டம்) 74-க்குப் பதில் 75 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5-க்குப் பதில் 90, அதனால் 1590 சிசி, 94 எச்பி, கீழ் ஆர்பிஎம்மில் நல்ல இழுவை. உட்காரவும் செய்யும், பிளாக் கொஞ்சம் உயரம். ஆனால் ஆர்.சி.யில் 1298 என்று இருக்கும், உள்ளே 1590 இருக்கும். முன்னால் சொன்ன பிரிவு 52-க்கே திரும்பி வருகிறோம். 1298-ஐ வைத்துக்கொண்டே நன்றாகக் கட்டு என்பதுதான் என் கட்சி. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, மேலே சுற்ற ஆசைப்படும் அந்தச் சின்ன ஸ்ட்ரோக் இஞ்சின்தான் டிராக்கில் இனிப்பு.

பெட்ரோல் விஷயத்தில் மூன்று வண்டிக்கும் பொதுவான ஒரு தலைவலி, இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ் ஊறி வெடிக்கும், அது இஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் வெடித்தால் தீதான். பத்மினி, கார்புரேட்டர் உள்ள கான்டெஸா இரண்டுக்கும் கார்புரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளையை) கொஞ்சம் பெரிதாக்கி எரிபொருள் அதிகம் விட வேண்டும், இல்லாவிட்டால் கலவை மெலிந்து சூடேறும். எஸ்டீமில் சென்சார் ஓரளவு தானே சரிக்கட்டிக்கொள்ளும், ட்யூன் பண்ணும்போது இதே பெட்ரோலை ஊற்றி ட்யூன் பண்ணச் சொல்லுங்கள். எந்த வண்டியானாலும் டேங்கிலிருந்து இஞ்சின் வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றுவது முதல் நாள் வேலை. மாதக் கணக்கில் நிறுத்தி வைத்தால் எத்தனால் ஈரத்தை இழுத்து டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும், ஆக இது வாரம் ஒரு தடவையாவது ஓட வேண்டிய வண்டி.

ஐந்து லட்சத்தை நான் பிரித்தது இப்படி: வண்டிக்கு 70 ஆயிரம், பாடி வேலைக்கும் பெயிண்டுக்கும் ஒரு லட்சம், பிரேக் சஸ்பென்ஷன் டயருக்கு ஒரு லட்சம், கூலிங் வயரிங் ஹோஸ் எல்லாம் சேர்த்து 40 ஆயிரம், இஞ்சினுக்கு ஒரு லட்சத்து 20 ஆயிரம், ஆர்.சி., இன்சூரன்ஸ் 20 ஆயிரம், மிச்சம் 50 ஆயிரத்தைத் தொடக் கூடாது. பிரித்த பிறகுதான் தெரியும் சங்கதி ஒன்று எல்லா வண்டியிலும் இருக்கும், அந்த ஐம்பது அதற்கு. 2003 வண்டி என்பதால் ஆர்.சி. 2018-லும் 2023-லும் புதுப்பித்திருக்க வேண்டும். இல்லையென்றால் புதுப்பிக்கும் கட்டணமும் தாமத அபராதமும் சேர்த்து விலையில் கழித்துக்கொள்ள வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கு அந்தக் கட்டணமே பழைய 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, 2025 ஆகஸ்டிலிருந்து இருபது வருடம் தாண்டிய காருக்கு 10,000 ஆகிவிட்டது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப அப்புச்சி வண்டி அப்படியே கெடக்கோணுமுங்களா மாமா?" என்றான். கிடக்க வேண்டியதில்லை. அந்த வண்டியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதே இஞ்சின், அதே நாற்பது எச்பி, புது வயரிங், டேங்கைக் கழுவி, ட்ரம்முக்கெல்லாம் புது லைனிங். கோபியிலிருந்து கொடிவேரி வரை ஐம்பதில் போக அது போதும். பழனிக்கும் ஒரு தடவை.

அவனுக்கு எஸ்டீம். வர்ற ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி போகிறோம். வண்டிக்காரரிடம் போனில் ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன்: நாங்க வர்றதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க. ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த இஞ்சினை நம் முன்னால் முதல் தடவை கிளப்பினால்தான் டேப்பெட் சத்தமும், வால்வு சீல் போயிருந்தால் வரும் நீலப் புகையும் மறையாமல் தெரியும். காந்தம், டார்ச், கம்ப்ரஷன் கேஜ், கீழே படுக்க ஒரு பழைய சாக்கு, நான்கையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன். அவனைச் செக் புக்கை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.